சொல்லாமல் வந்தவர்

குழந்தைகள் காப்பகத்தில் மதியத் தூக்கம் இப்போதுதான் படிந்திருக்கிறது. திரைச்சீலை வழியே வெளிச்சம் பாய்களின் மேல் மங்கலாக விழ, மின்விசிறி மட்டும் முனகுகிறது. காலையெல்லாம் அழுது தீர்த்த பிள்ளையைத் தோளில் போட்டபடி, காப்பகத்து அம்மா கதவை அரையடி திறந்து வழியை அடைத்து நிற்கிறாள். வெளியே காப்பகத்தைச் சோதிக்க வந்த அரசு ஆய்வாளர், பூட்ஸும் சாவிக்கொத்துமாக. “புது விதிம்மா. இனிமே சொல்லாமதான் வருவோம். தடுத்தா லைசென்ஸ் போயிடும்.” “தாராளமா வாங்க சார், பூட்ஸைக் கழட்டிட்டு. சொல்லாம வரலாம்னுதானே விதி? தூங்குற பிள்ளைங்களை எழுப்பலாம்னு இல்லையே.” அவள் குரல் உயரவில்லை, கதவும் அசையவில்லை. அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறார். சாவிக்கொத்தை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு பாய்களுக்கு நடுவே பூனைபோல் நடக்கிறார். “குறை இருந்தா எழுதிடுவேன்” என்கிறார் கிசுகிசுப்பாக. “ஒண்ணு விடாம எழுதுங்க சார். பேனாவை மட்டும் டிக்குன்னு அமுக்காதீங்க.”