வேங்கை மரத்துக் கீறல்கள்

ஒன்பது வருடமாக அந்தப் பள்ளத்தாக்கை ஆண்ட கிழட்டுப் புலி, காலை வெயிலில் வேங்கை மரத்தடிக்கு வந்து நின்றது. காவல் கோபுரத்தில் பணியிலிருந்த கேத்தன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். இந்தக் கிழத்தைச் சண்டையில் வென்ற இளம்புலி, முந்தாநாள் இனி இது தன் எல்லை என்று அதே மரத்தில் நகம் பதித்திருந்தது. கீறல்களில் செந்நிறப் பிசின் இன்னும் காயவில்லை. கிழப்புலி மோந்து பார்த்தது. பின்னங்கால்களில் எழுந்து அந்தக் கீறல்களுக்கு மேலே தன் நகத்தை வைக்க முயன்றது. எட்டவில்லை. மறுபடி எம்பியபோது கிழிந்த தோள் தாங்காமல் பட்டையோடு சறுக்கி இறங்கியது. கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துவிட்டு, ஓடையைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் நடந்தது.

வாக்கிடாக்கி கரகரத்தது. "கேத்தா, எந்தப் பக்கம் போகுது?" என்றார் வனவர் ஜெபராஜ்.

சொன்னால் கூண்டு வரும். புலியின் மிச்ச ஆயுள் கம்பிக்குள்தான். ஆனால் அவன் மனைவி மாதி இந்நேரம் அங்கேதான் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள்.

"தோட்டத்துப் பக்கம், சார். பொம்பளைங்கள உடனே மேல வரச் சொல்லுங்க."

"சரி, கூண்டு அனுப்பறேன்."

"இதுவரைக்கும் அது ஒரு ஆட்டைக்கூடத் தொட்டதில்ல, சார்."

"தெரியும்ப்பா" என்றார் வனவர்.

சற்று நேரத்தில் பெண்கள் கூடைகளோடு மேடேறுவது தெரிந்தது. அவர்கள் விட்டுப்போன நிழலில் புலி படுத்துக்கொண்டது. கூண்டு வண்டி வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். கேத்தன் வாக்கிடாக்கியை அணைத்துவிட்டு, அது தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.