முன்கதவுப் பூட்டு

பிரசவம் வீட்டில்தான் என்று கதிரவன் முடிவெடுத்ததிலிருந்து, ஆஸ்பத்திரிக்கு அழைக்க நர்ஸ் வாரந்தோறும் வந்துவிடுவாள். அவளை ஏய்க்கவே முன்கதவை வெளியே பூட்டிவிட்டுக் கொல்லை வழியாக உள்ளே வருவான். இன்று குழந்தை பிறந்து, தாயின் மார்பிலேயே உறங்கியும்விட்டது. அவன் மனைவி சுகந்திக்கு உதிரப்போக்குதான் நிற்கவில்லை. “இப்ப நின்னுடும், இப்ப நின்னுடும்” என்று கைப்பேசியில் வீட்டுப் பிரசவ வீடியோக்களைத் தேடியபடியே சொல்லிக்கொண்டிருந்தான். நான்காவது சேலையும் நனைந்துவிட்டது. வாசலில் நர்ஸின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பல மாதப் பழக்கத்தில் சுகந்தி மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்புறம்தான் கத்த வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் குரல் போயிருந்தது. கதிரவன் உதட்டில் விரல் வைத்தான். பூட்டு ஒருமுறை ஆடி ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் நர்ஸ் சொல்வது கேட்டது: “நேத்தே பிரசவத் தேதி, அக்கா. ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பாங்க. இன்னிக்குத்தான் எனக்கு நிம்மதி.”