இலுவா

“பிறந்த ஊர்?” என்று கேட்டார் போர்ட் லூயிஸ் கப்பல் ஆபீஸ் குமாஸ்தா.

“இந்த ஊர்தாங்க” என்றாள் மிமோஸ்.

முழுப் பொய். அவள் பிறந்தது பெரோஸ் தீவில், நாலைந்து நாள் கப்பல் தூரம். வயிற்றுக் கட்டியை அறுத்துக்கொள்ள இங்கே மொரீசியஸுக்கு வந்தவள். குணமாகித் திரும்பிப்போகக் கேட்டால், ‘இலுவாவுக்கு இனிமேல் கப்பல் கிடையாது, தீவை விற்றாயிற்று’ என்று கையை விரித்துவிட்டார்கள்.

புருஷனும் இரண்டு பிள்ளைகளும் அங்கே. அவள் புறப்பட்டபோது சின்னவனுக்கு இரண்டு பல்தான் முளைத்திருந்தது.

இலுவாவாம். தீவில் யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? அங்கே பெரோஸ்காரன், சலோமோன்காரன், தியேகோகாரன், அவ்வளவுதான். கூலிக்கு வந்தவன் எவன், அங்கேயே பிறந்தவன் எவன் என்று பிரித்துப் பார்க்க, அங்கேயே பிறந்தவனுக்குத் தோட்டத்துத் துரைமார் எழுதிவைத்த பேர் அது. இங்கே வந்ததும் வசவாகிவிட்டது. குழாயடியில் கொஞ்சம் முந்தினால் போதும், ‘தள்ளிப் போடி, இலுவா.’

ஆனால் அந்தத் தீவுகளின் கொப்பரைத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை மட்டும் இன்னும் ஏற்றினார்கள். அதனால் இன்றைக்கு மிமோஸ் மொரீசியஸ்காரி, கரும்பு வெட்டுகிறவள். ஒரு மாதமாகப் பேச்சைக்கூட மாற்றிப் பழகியிருந்தாள்.

“தேங்காய்ப் பருப்பு எடுப்பியா? ஒரு நாளைக்கு எத்தனை காய்?”

தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பாழாய்ப்போன ரோஷம், வாய் முந்திக்கொண்டது.

“ஆயிரத்து இருநூறு. மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவேன்.”

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. எழுதிய பேரை அடித்தார்.

“கரும்பு வெட்டுறவ நூறு எடுக்கிறதுக்குள்ள கையைக் கிழிச்சுக்குவா. நீ இலுவாதானேம்மா?”

மிமோஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் அங்கே கிடக்கிறார்கள் ஐயா என்றாள். காலில் விழுகிறேன் என்றாள்.

அவர் நல்ல மனுஷர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அழாதே. நீ எதுக்குப் போகணும்? சீக்கிரமே எல்லாரையும் இங்கதான் கொண்டுவந்து இறக்கப்போறாங்க. ஒருத்தர் மிச்சமில்லாம.”

“பிள்ளைங்களையுமா?”

“எல்லாரையும்.”

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனை வரைக்கும் சந்தோஷமாகத்தான் நடந்தாள்.

அங்கேதான் உறைத்தது, ஒருத்தர் மிச்சமில்லாமல் என்றால் என்னவென்று.

பிள்ளைகள் வந்துவிடுவார்கள்; திரும்பிப்போகத்தான் இனி ஊர் இருக்காது.