எழும்பாத யோவான்

பரீட்சகர் கிருஷ்ணமணி உள்ளே வந்ததும் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் மாணவிகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அட்டெண்டர் யோவான் மட்டும் அசையவில்லை.

சித்திரை வெக்கையில் கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மூலை முக்காலியில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

விரிவுரையாளர் லீலாபாய்க்கு மானம் போயிற்று. நாகர்கோவிலில் அந்தக் கல்லூரி தொடங்கி, விலங்கியல் படித்த முதல் எட்டுப் பெண்கள் இவர்கள். திருவனந்தபுரத்திலிருந்து வந்திருக்கும் இந்த மனிதர் மனசு வைத்தால்தான் பட்டம். வகுப்பு தொடர்வதும் அவர் கையில்தான்.

"யோவான், எழும்பும்! சார் வந்திருக்காரு."

"பத்து அடிக்கட்டும் டீச்சரே. பொறவு எழும்புதேன்."

"குடிச்சிருக்கானா?" கிருஷ்ணமணி பேனாவைத் திறந்தார். "இதையும் அறிக்கையில எழுதுறேன். இருபது மணி நேரம் அடைகாத்த முட்டை கேட்டிருந்தேனே, அதாவது இருக்கா?"

"யோவான் வீட்டுல அடைக்கோழி உண்டு சார். அவருதான் கொண்டு வரணும்..." லீலாபாய் தேடினாள். முட்டைக் கூடையையே காணோம்.

"கோழியும் எழும்ப மாட்டேன்னுடுச்சா?"

முன்வரிசையில் நின்ற மாணவி ஓமனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடிகாரம் பத்து அடித்தது. யோவான் கம்பளிக்குள் கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். மொத்தம் எட்டு.

கிருஷ்ணமணி உட்கார்ந்து, முதல் முட்டையைத் தானே உடைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். மஞ்சள் கருவின் மேல் மெல்லிய கோடு ஒன்று நேராக ஓடியது.

"இந்தக் கோடு என்னத்துக்கு?"

"இது விழுந்த பொறவுதான் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம்னு தெரியும் சார்" என்றாள் ஓமனா. "இது வழியா செல்லுகள் உள்ள இறங்கி மூணு அடுக்காகும். மேலடுக்குல தோலும் மூளையும், நடு அடுக்குல எலும்பும் இதயமும், அடியடுக்குல குடலும் உண்டாகும்."

"பலே! அடைகாக்குற மெஷின் வச்சும் எங்களுக்கு இவ்வளவு சுத்தமா கிடைச்சதில்ல. எந்த ஊருக் கோழி ஐயா அது?"

யோவான் தலையைக் குனிந்துகொண்டார்.

"கோழி இல்ல சாரே. நேத்தைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு அடை வச்சேன். நாலு மணிக்கு கோழிய கீரி கொண்டு போயிட்டு. முட்டை குளுந்தா பிள்ளையளுக்க பரீட்சை போச்சே! அதான் அப்பமே எடுத்து வயித்தோட சேத்துக் கெட்டிக்கிட்டேன். மெள்ள நடந்து இங்க வந்து இருந்த பொறவு, இருபது மணிக்கூர் முடியாம எழும்பப் பயமா இருந்துது."

லீலாபாய்க்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தன.

"எங்க காலேஜ் ஆளு சார் இவரு" என்றாள், தேவைக்கு மேல் உரக்க.

யோவான் இப்போது எழும்பப் பார்த்தார். கால் மரத்துப் போயிருந்தது.

"நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு, பரீட்சகர் எழுந்து நின்றார்.