கயிறு கட்டிய இடம்

அலி அக்பர் கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்றதும் செங்குட்டுவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

காணும் பொங்கலன்று காலடிப்பேட்டை மைதானத்தில் மெல்லிசைக் கச்சேரி. நடத்தும் இசை மன்றத்துக்குச் செங்குட்டுவன்தான் செயலாளர். ஐந்தரை மணிக்கே சைக்கிளும் ஸ்கூட்டரும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மேடைக்குப் பக்கவாட்டில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் மட்டும் நாலு கழி நட்டு, கயிறு கட்டி, கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது.

கட்டியவர் அலி அக்பர். ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருப்பவர். வண்டிகளைப் பார்த்துக்கொள்ள மன்றம் அவரைத்தான் வரவழைத்திருந்தது.

வாசலில் சிறப்பு விருந்தினர் வெள்ளத்துரையின் புதுக் குவாலிஸ் கார் வந்து நின்றது. மணலியில் லாரி ஷெட் வைத்திருக்கும் பெரிய மனிதர். அவர் வண்டியை டாங்கர் லாரி போகிற ரோட்டில் நிறுத்தச் சொல்ல முடியுமா?

"இது ஒருத்தருக்குச் சொல்லி வெச்ச எடம் சார்," என்றார் அலி அக்பர்.

"யாருக்கு?"

"பேர் சொல்ல வேணாம்னு கேட்டுகினாங்க."

தன் ஆள் எவனுக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிறார் மனுஷன் என்று செங்குட்டுவன் முடிவு கட்டிவிட்டான். நாலு பேர் பார்க்கத் திட்டினான். மன்றத்து இடத்தை வளைத்துப் போட நீ யார், அடுத்த கச்சேரிக்கு இந்தப் பக்கமே வராதே என்றான். வயதில் மூத்தவர் என்றுகூடப் பார்க்கவில்லை. கழிகளைப் பிடுங்கிப் போட்டு, காரை அங்கே நிறுத்த வைத்தான்.

அலி அக்பர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

கச்சேரி தொடங்கியது. இரண்டாவது பாட்டு செங்குட்டுவனுடையது. அவன் மேடையேறிப் பாடுவது அதுதான் முதல் தடவை. கூட்டம் விடாமல் கை தட்டியது. வெள்ளத்துரையே எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

ஏழு மணிக்கு அவர் இன்னொரு விழாவுக்குக் கிளம்பினார். வாசல்வரை வழியனுப்புவதற்காகச் செங்குட்டுவனும் காரில் ஏறிக்கொண்டான். மன்றத்து ஆட்கள் பின்னால் நடந்து வந்தார்கள். வாசலில் கார் நின்றுவிட்டது.

குறுக்கே ஒரு மூணு சக்கர வண்டி. கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. திரும்பிப் போகிற அவசரத்தில் பின்சக்கரம் கால்வாய்மேல் போட்டிருந்த பலகையின் இடுக்கில் சிக்கியிருந்தது. அலி அக்பர் குனிந்து அதைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் இருந்தது எழில்மொழி. செங்குட்டுவனின் அக்கா.

சின்ன வயதில் போலியோ வந்து நடக்க முடியாமல் போனவள். ரேடியோவில் கேட்டுக் கேட்டு, அந்த இரண்டாவது பாட்டை அவனுக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். நானும் வரட்டுமா நைனா என்று காலையில் அவனிடம் கேட்டாள். கூட்டத்தில் உன் வண்டி நிற்க இடமே இருக்காது என்று சொல்லிவிட்டான். இடம் இருக்குமா என்று அவன் யாரிடமும் விசாரிக்கவே இல்லை. மன்றத்து ஆட்கள், விருந்தினர் எல்லாரும் இருக்கிற இடத்தில் அந்த வண்டி வந்து நிற்பதை நினைக்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளத்துரை காரிலிருந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானும் ஒரு கை கொடுத்துச் சக்கரத்தை வெளியே எடுத்தார். இந்த அம்மா வாசலிலேயே நிற்கிறாரே, ஏன் உள்ளே விடவில்லை என்று கேட்டார்.

"எடம் கட்டித்தான் வெச்சிருந்தேன் சார். மேடைலேர்ந்து பாத்தா தான் தெரியக் கூடாது, அந்த மாதிரி எடமா வேணும்னு கேட்டுச்சு. அதான் ஸ்பீக்கருக்குப் பின்னால..." காரிலிருந்து இறங்கும் செங்குட்டுவனைப் பார்த்ததும் அலி அக்பர் நிறுத்திக்கொண்டார்.

செங்குட்டுவனுக்கு உறைத்தது. காலையில் அவன் சொன்ன பொய் அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எதற்காகச் சொன்னான் என்பதும் தெரிந்திருக்கிறது.

அந்த அம்மாவின் இடத்தில்தான் தன் கார் நின்றது என்று வெள்ளத்துரைக்குப் புரிந்துவிட்டது. மன்னிச்சுக்கோம்மா என்று கை கூப்பினார். பிறகு செங்குட்டுவன் பக்கம் திரும்பினார்.

"முகமே மாறிப்போச்சே உங்களுக்கு. தெரிஞ்சவங்களா?"

அக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தான். அதற்குள் மன்றத்து ஆட்கள் நாலைந்து பேர் கிட்டத்தில் வந்துவிட்டார்கள். அவன் அவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவன் திரும்பியதை எழில்மொழியும் பார்த்துவிட்டாள்.

அவனை முந்திக்கொண்டு அவளே பதில் சொன்னாள்.

"சாரு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ரோட்டுல நின்னு பாட்டுதான் கேட்டேன். ரெண்டாவதா பாடுனவரு ரொம்ப நல்லா பாடுனாரு."