கலயக் கூரை

"சார், கடப்பாரையோட ஆளுங்க தெருவுல நிக்கறாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு கூரைய ஒடைச்சிடலாம்னு வந்தேன்."

கண்ணையனுக்குப் பேசும்போதே பல் தந்தியடித்தது. பொதட்டூர்பேட்டையில் லுங்கி வியாபாரம் செய்து சேர்த்ததையெல்லாம் போட்டுத் திருத்தணியில் கட்டிய வீடு. வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும்.

ஆபீசில் மதியச் சாப்பாட்டில் கைவைத்திருந்த ஆர்க்கிடெக்ட் ஸ்ரீகுமார் தட்டைத் தள்ளிவைத்தார். கான்கிரீட்டுக்கு நடுவே மண் கலயங்களைக் கவிழ்த்துப் போடும் கூரை அவருடைய பெருமை. சிமெண்ட் மிச்சம்; வீடும் குளுகுளுவென்றிருக்கும். இது இடிந்தால் இந்த ஊரில் இனி எவன் கலயக் கூரை கேட்பான்?

"என்ன ஆச்சு? உக்காந்து சொல்லுங்க."

"ஆத்தங்கரைச் சுடுகாட்டுல சாம்பல் கரைச்சிட்டு விட்டுட்டுப் போற கலயத்த, உங்க மேஸ்திரி சைக்கிள்ல கட்டிக்கினு வந்தத பால்காரன் பாத்திருக்கான் சார். அதைக் கேட்டதுலேர்ந்து என் சம்சாரம் கௌரி வூட்டுக்குள்ள கால வைக்க மாட்டேங்கறா. நான் மட்டும் போய்ப் படுத்தேன். மேல 'டொக்'குனு ஒரு சத்தம். அண்ணாந்து பாத்தா அத்தினி கலயமும் வாயைத் தொறந்துகினு என்னையே பாக்குது!"

கதவோரம் நின்றிருந்த மேஸ்திரி சிங்காரம் தலையைச் சொறிந்தான்.

"சிங்காரம், நிஜமா?"

"ஆங் சார். எடுத்துகினு வந்தது நெசந்தான். ஆனா..."

"ஐயையோ!" கண்ணையன் நாற்காலியில் சரிந்தார். "எத்தினி பேரு சார்? என் தலைக்கு மேல எத்தினி பேரு தொங்கறாங்க?"

"ஆனா சார், அது வந்து..."

"நீ வாயை மூடு!" என்று மேஸ்திரியை அடக்கிவிட்டு, ஸ்ரீகுமார் கண்ணையனுக்குத் தண்ணீர் கொடுத்தார். "இதோ பாருங்க. புதுக் கலயம் சுட எவ்வளவு மரம் எரியுது தெரியுமா? புதுசு வாங்காதே, தூக்கிப் போட்டதை எடுத்துக் கட்டுன்னு இவன்கிட்ட நான்தான் சொன்னேன். சூளையில வெந்த மண்ணுக்குச் சாவு ஏது, தீட்டு ஏது?"

"அப்ப அந்தச் சத்தம்?"

"வெயில்ல கூரை விரியும். வேற ஒண்ணுமில்ல."

அந்த நேரம் பார்த்து மேலே 'டொக்' என்றது. கண்ணையன் மேஜைக்கடியில் புகுந்துவிட்டார்.

ஸ்ரீகுமார் கடகடவென்று சிரித்தார். "மேல பாருங்க. போன வருஷம் கட்டின என் ஆபீசு. இதுவும் கலயக் கூரைதான். தினமும் இதுக்குக் கீழதான் சாப்பிடறேன், ஒரு தூக்கமும் போடறேன். எந்தப் பிசாசு வந்து என்னை எழுப்பிச்சு?"

கண்ணையன் மேஜைக்கடியிலிருந்தே அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பயத்தின் சாயல்கூட இல்லை. மெல்ல வெளியே வந்தார்.

"படிச்சவர், நீங்களே பயப்படல. நான் எதுக்கு சார் பயப்படணும்? கௌரிகிட்டயும் இப்படியே சொல்றேன்." தெருவுக்குப் போய்க் கடப்பாரைகளைத் திருப்பி அனுப்பினார்.

சிங்காரத்துக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "நல்ல வேளை சார். தெரிஞ்சா அடிப்பீங்கன்னு இத்தினி நாளா பயந்துகினு இருந்தேன். உங்களுக்கு மனசு பெருசு."

"விடு. அவர் வீடு தப்பிச்சுதே, அது போதும்."

"அவர் வூட்டுக்கு இன்னா சார்? எல்லாம் கொசவர்கிட்ட வாங்கின புதுக் கலயம். கொசவரே பக்கத்துல நின்னு ஒண்ணொண்ணா தட்டிப் பாத்துதான் எறக்குனாரு. அதைத்தான் சொல்ல வந்தேன், வாயை மூடுன்னுட்டீங்க."

"அப்போ... ஆத்தங்கரைக் கலயம்?"

சிங்காரம் மெல்ல அண்ணாந்து ஆபீஸ் கூரையைப் பார்த்தான்.

மேலே 'டொக்' என்றது.

மறுநாளிலிருந்து ஸ்ரீகுமாரின் மேஜை எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில்தான் இருக்கிறது. இயற்கைக் காற்றுக்கு ஈடு கிடையாது என்று வருகிறவர்களிடம் விளக்குகிறார், கொட்டும் மழையிலும் குடை பிடித்தபடி.