மாமியார் கையில் ஒரு சோப்பு

சோப்புக் கட்டியைச் சின்னத் தட்டில் வைத்து, தட்டை மாமியாரின் முன்னால் நகர்த்திவிட்டு, தையல்காரன் இரண்டடி பின்வாங்கி நின்றான்.

கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டான்.

இது ஐந்தாவது தடவை.

முதல் தடவை செய்தது சோப்பாகவே ஆகவில்லை. ஒரு வாரம் கழித்தும் களிமண்ணாகக் கிடந்தது. இரண்டாவது நடுவில் பிளந்துகொண்டது. மூன்றாவதில் எண்ணெயும் தண்ணீரும், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி, ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிவிட்டன. நான்காவது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நாக்கு நுனியில் வைத்ததும் சுரீரென்றது. காஸ்டிக் சோடா கூடிப்போயிருந்தது.

"கடைக்காரங்க எல்லாம் சோப்பு விக்கிறதை நிறுத்திட்டாங்களா என்ன?" என்று கேட்டாள் மனைவி.

கேட்டாளே தவிர, எண்ணெயை நிறுக்கும்போது குனிந்து தராசைப் பார்த்து, கிராம் கிராமாக எடை சொன்னவளும் அவள்தான்.

ஐந்தாவது தடவை அவன் அவசரப்படவில்லை.

பக்கத்து வெல்டிங் கடையில் இரவல் வாங்கிய கண்ணாடியையும் ரப்பர் கையுறையையும் மாட்டிக்கொண்டு, சோடாவைத் தண்ணீரில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினான். அடுப்பில்லாமலே தண்ணீர் சூடேறி ஆவி விட்டது. அது ஆறும்வரை ஜன்னலோரம் காத்திருந்தான். பிறகு தேங்காய் எண்ணெயில் ஊற்றி, தோள்பட்டை கழன்றுவிடும் போலாகும்வரை கிண்டினான். கரண்டியிலிருந்து ஒழுகிய கோடு உள்ளே முழுகாமல் மேலேயே படுத்துக்கிடந்தபோதுதான் கையை எடுத்தான்.

மறுநாள் அச்சிலிருந்து கவிழ்த்து, தையல் சாக்கட்டியால் அடையாளம் போட்டு, நைலான் நூலை இரண்டு கைவிரல்களிலும் சுற்றி இழுத்து அறுத்தான். எட்டுக் கட்டிகள். ஒன்றுக்கொன்று இழை வித்தியாசம் இல்லை. துணியில் காட்டாத கைத்திறனையெல்லாம் அதில் காட்டியிருந்தான்.

நூல்கண்டு அடுக்கும் பலகையில் ஆறு வாரம் காயவைத்தான். இன்று காலை நாக்கில் வைத்துப் பார்த்தான். சுரீரென்று எதுவும் இல்லை.

இனி மாமியார் பாடு.

மாமியார் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது ஒன்பது வருடமாக.

அவன் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பான். "சாப்பாடு ஆறிப்போகுதுன்னு சொல்லு" என்பார் மகளிடம். மகள் திரும்பி அதையே இவனிடம் சொல்வாள். "வந்துட்டேன்னு சொல்லு" என்பான் இவன். அதையும் அவள் சுமப்பாள்.

மாமியாரையும் குறை சொல்ல முடியாது. மகளின் கல்யாண உடுப்பைத் தைக்கக் கொடுத்த இடத்திலேயே மாப்பிள்ளையும் மாறிப்போனால், எந்தத் தாய்க்குத்தான் பேச வாய் வரும்?

மாமியார் நறுக்கிக்கொண்டிருந்த காயை ஓரமாகத் தள்ளினார். கையைத் துடைத்துக்கொண்டு சோப்பை எடுத்தார்.

உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினார். ஓரத்தை நகத்தால் சுரண்டி, சுரண்டியதை மோந்தார்.

எழுந்து குழாயடிக்குப் போனார். சோப்பை நனைத்து, கைக்குள் மூன்றே மூன்று சுற்று உருட்டினார். நுரையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். புறங்கையில் தேய்த்துக் கழுவி, துடைத்து, தோல் இழுக்கிறதா என்று விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். கடைசியில் நாக்கு நுனியால் தொட்டார்.

மனைவி பிடித்த கரண்டி பிடித்தபடி நின்றாள்.

மாமியார் சோப்பைத் திரும்பத் தட்டில் வைத்தார். அதன் மேல்பக்கத்தை ஒருமுறை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து, நேராக அவன் முகத்தைப் பார்த்தார்.

"மேல வெள்ளை பூத்திருக்கு, மாப்பிள்ளை. அடுத்த தடவை அச்சுல ஊத்தினதும் நல்லா மூடி வைங்க."

பழக்க தோஷத்தில் மனைவி அவன் பக்கம் திரும்பி, "மேல வெள்ளை பூ..." என்று ஆரம்பித்தாள். பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரிங்க அத்தை" என்றான் அவன். அந்த நிமிஷம் அளந்திருந்தால் அவன் மார்பு இரண்டு அங்குலம் கூடியிருக்கும்.

மாமியார் ஒன்றும் நடக்காதது போல மறுபடி காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

இருபத்தெட்டு வருடம் ஒரு சோப்பு ஆலையில் சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். தேறாத சரக்கென்றால் வாயைத் திறக்கவே மாட்டார். சத்தமில்லாமல் உருக்கும் தொட்டிப் பக்கம் தள்ளிவிடுவார். ஒரு குறை சொல்லித் திருத்தச் சொன்னால், சரக்கு தேறிவிட்டது என்று அர்த்தம். ஆலை முழுக்க அது தெரியும்.

போன வருடம் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே மனைவி இதைப் பேச்சுவாக்கில் சொன்னாள்.

அன்று சாயங்காலம்தான் தையல்காரன் மிஷினை மூடிவிட்டுப் போய், முதல்முதலாக ஒரு பொட்டலம் காஸ்டிக் சோடா வாங்கிவந்தான்.